தானாகத் தின்னத் தெரியாத குஞ்சை வாங்காதீர்கள்

லவ் பேர்ட்ஸ் வளர்த்துப் பழகியவர்கள் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் காக்டெயில் கிளிக்குத்தான். தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, சீட்டியடிக்கும் குரல், யாருக்கும் பிடித்துப்போகும். இந்த ஆசையை நம்பி நடக்கும் ஒரு வியாபாரம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கண் திறந்து சில நாளே ஆன, இறகுகூடச் சரியாக முளைக்காத குஞ்சை அட்டைப்பெட்டியில் போட்டு, ஒரு சிரிஞ்சும் மாவுப் பொட்டலமும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். "கையில ஊட்டி வளர்த்தாத்தான் பழகும், இன்னும் கொஞ்ச நாள்ல தானா சாப்பிட்டுக்கும்" என்ற உறுதிமொழியும் கூடவே வரும். தாய் தகப்பனோடு வளர்ந்த குஞ்சும், தினமும் கொஞ்ச நேரம் கையில் எடுத்துக் கொஞ்சினால் நன்றாகவே பழகும். அதை அவர்கள் சொல்வதில்லை.

காக்டெயில் முட்டை பொரிய 18 முதல் 21 நாள் ஆகும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இரண்டுமே தீனியைக் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டும். நான்கைந்து வாரத்தில் குஞ்சு கூட்டுப்பெட்டியை விட்டு வெளியே வரும். வெளியே வந்துவிட்டதால் வளர்ந்துவிட்டது என்று எண்ணிப் பிரித்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. பறக்கத் தெரிந்த குஞ்சுக்குத் தினையைத் தோலுரித்துத் தின்னத் தெரியாது. பெற்றோரைப் பார்த்துப் பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொள்ளும். பெண் அடுத்த ஈட்டுக்குத் தயாராகும்போது, வெளியே வந்த குஞ்சுகளுக்கு ஊட்டும் பொறுப்பைப் பெரும்பாலும் ஆண் ஏற்றுக்கொள்ளும். ஏழு முதல் பத்து வாரத்துக்குள் குஞ்சு தன் தீனியைத் தானே பார்த்துக்கொள்ளும். சில குஞ்சுகள் இன்னும் தாமதிக்கும். அவற்றை அவசரப்படுத்தக் கூடாது.

சிரிஞ்சால் ஊட்டுவது விளையாட்டுக் காரியமல்ல. கூழ் ஏறக்குறைய 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். அதிகம் சுட்டால் தீனிப்பை வெந்து புண்ணாகும். ஆறிப்போனால் தீனிப்பையிலேயே தங்கிப் புளிக்கும். சிரிஞ்சைத் தவறாக வைத்தால் கூழ் மூச்சுக்குழலில் இறங்கி, குஞ்சு கையிலேயே இறந்துபோகும். கைக்குழந்தைக்கான பால் கலந்த மாவைக் கரைத்து ஊட்டுகிறவர்களும் உண்டு. பாலில் உள்ள சர்க்கரையைப் பறவையால் செரிக்க முடியாது. அதிலும் ஜூன் தொடங்கிச் சாரல் விழும் குற்றாலத்தில், ஈரக்காற்றில் கிண்ணத்துக் கூழ் ஆறிப்போக அதிக நேரம் ஆகாது. இறகு முளைக்காத குஞ்சுக்கோ தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது.

காக்டெயிலின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. மழை பெய்து புல் கதிர் விடும் காலத்தில்தான் அது அங்கே கூடு கட்டும். பால் பிடித்த இளம் விதைகள் குஞ்சுக்குத் தோதான உணவு. கிளி இனம் தினைக்கதிருக்கு இறங்கும் என்பது வள்ளி கதை கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதல்ல. குஞ்சு வெளியே வந்ததும் பால் பிடித்த தினைக்கதிரோ கம்பங்கதிரோ கிடைத்தால் கூண்டில் தொங்கவிடுங்கள். கிடைக்காவிட்டால் கம்பு, பச்சைப்பயறு ஊறவைத்து முளைகட்டி, தட்டையான தட்டில் தரையருகே வையுங்கள். முருங்கைக்கீரை, துருவிய கேரட், வேகவைத்த பூசணி, மசித்த அவித்த முட்டை எல்லாம் நல்லவை. சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, போதும்.

இந்த உணவுப் பழக்கம் குஞ்சிடம் தொடங்குவதில்லை. வெறும் சூரியகாந்தி விதையும் தினையும் மட்டுமே தின்னும் பெற்றோர், குஞ்சுக்கும் அதைத்தான் ஊட்டும், அதைத்தான் கற்றுக்கொடுக்கும். அப்படி வளரும் பறவைக்கு வைட்டமின் ஏ குறையும், சுண்ணாம்பு குறையும், கொழுப்பு மட்டும் ஏறும். ஆகவே, முட்டையிடுவதற்குச் சில மாதம் முன்பிருந்தே கீரையையும் காய்கறியையும் பெற்றோருக்குப் பழக்குங்கள்.

ஈரமான தீனி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தட்டில் இருக்கக் கூடாது. சாரல் காலத்தில் விதை மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். முக்கல் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். குற்றாலம் மலைப்பழங்கள் மலிந்த ஊர். ஆனாலும் பட்டர் ஃப்ரூட் பறவைக்கு விஷம். சாக்லேட், காபி, வெங்காயமும் கூடாது.

கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கி, தினமும் காலையில் தீனிக்கு முன் குஞ்சை எடை போடுங்கள். வளர்ந்த காக்டெயில் 80 முதல் 100 கிராம் இருக்கும். பறக்கத் தொடங்கும் நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால் ஆபத்து. இருட்டும் நேரத்தில் தீனிப்பை காலியாக இருந்தாலோ, குஞ்சு உடலை உப்பிக்கொண்டு ஓயாமல் கத்தினாலோ, அது பட்டினி கிடக்கிறது. உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். உள்ளூரில் பறவை பார்ப்பவர் இல்லையென்றால், திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காக்டெயில் வளர்ப்பதற்குத் தடையில்லை. சர்வதேச வனவிலங்கு வணிக உடன்படிக்கையான சைட்டீஸின் பட்டியல்களிலும் அது இல்லை. நம்மூர்ப் பச்சைக்கிளி அப்படியல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்கிக் கூண்டில் அடைப்பதும் குற்றம். குஞ்சு என்றாலும் விலக்கில்லை.

விற்பவருக்கும் சட்டம் உண்டு. 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவுச் சான்று இல்லாமல் கடை நடத்தக் கூடாது. சந்தைக் கடையும் இணைய விற்பனையும் இந்த விதிக்குள் அடங்கும். சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பில் வாங்குங்கள், குஞ்சு பொரிந்த தேதியையும், அது தானாகத் தின்கிறது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னே அது விதை கொறிப்பதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

வயதை மறைத்து விற்ற குஞ்சு இறந்துபோனால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. காலக்கெடு இரண்டு ஆண்டு. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பில், வாட்ஸ்அப் உரையாடல், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பறவையை நெருக்கி அடைப்பதும் துன்புறும்படி ஏற்றிச் செல்வதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்தில் புகார் தரலாம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இந்தத் தொகை வெட்கக்கேடு. எனவே காவல் நிலையத்தோடு நிறுத்தாமல், கடையின் பதிவை ரத்து செய்யக் கோரி மாநில விலங்குகள் நல வாரியத்துக்கும் எழுதுங்கள்.