முகத்துக்கு வர்ணம்... உடம்புக்கு வம்பு!

நடிகரை 'அரிதாரம் பூசியவர்' என்று சொல்கிறோம். அந்த அரிதாரம் என்பது என்ன என்று யோசித்ததுண்டா? அது பவுடரும் இல்லை, சந்தனமும் இல்லை. ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த, பூமியில் கிடைக்கிற மஞ்சள் கல். சித்த மருத்துவத்தில் இதற்குத் 'தாளகம்' என்று பெயர். 64 பாஷாணங்களில் இதுவும் ஒன்று.

எங்கள் அய்யம்பாளையம் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் திருவிழாக்கள்தான். விடிய விடிய நாடகம் நடக்கும். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரத்தில் வள்ளி திருமணம் போன்ற நாடகங்களை நம்பியே பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. வேஷம் கட்டுகிறவருக்கும் சரி, வேஷம் போட்டுவிடுகிறவருக்கும் சரி, வருஷத்தில் சில மாதங்கள்தான் சம்பாத்தியம். பிறந்த நாள் விழாவிலும் பள்ளி விழாவிலும் பிள்ளைகள் முகத்தில் புலி, பட்டாம்பூச்சி வரைவதும் இப்போது இதே தொழிலின் ஒரு கிளை. வருமானம் குறைவு என்பதால் மலிவான வர்ணத்தைத்தான் கை தேடும். வம்பே அங்கேதான்.

"ஐயா, எங்க தாத்தா காலத்துலேர்ந்து பூசறதுதானே? இயற்கைப் பொருள்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. சித்த வைத்தியன் என்பதால் நானே சொல்கிறேன். இயற்கை என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. எட்டிக்கொட்டையும் இயற்கைதானே! தாளகத்தை மருந்தாக்க வேண்டுமானால் சுத்தி செய்து, புடம் போட்டு, அரிசி எடைக் கணக்கில், பத்தியத்தோடு கொடுக்க வேண்டும். அப்படியிருக்க, பச்சைத் தாளகத்தை ராத்திரி முழுக்க முகத்தில் வைத்திருக்கலாமா?

எந்த நிறத்தில் என்ன இருக்கிறது?

மஞ்சள், பச்சை: கேரளத்தில் முகம் எழுதுவது பெரிய கலை. 1930-ல் வள்ளத்தோள் தொடங்கிய கலாமண்டலத்தில் 'சுட்டி' எனப்படும் ஒப்பனையைத் தனிப் படிப்பாகவே கற்றுத் தருகிறார்கள். கதகளியின் மரபான பச்சை, மனயோலை என்ற கல்லோடு நீலத்தைச் சேர்த்து அரைப்பது. மனயோலையும் ஆர்சனிக் வகைதான்.

சிவப்பு: சாதிலிங்கம் என்றால் அதில் பாதரசம். பாதரசம் என்ன செய்யும் என்று எங்கள் மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்னையால் 2001-ல் மூடப்பட்டது. சில செந்தூரப் பொடிகளில் ஈயம் இருக்கும்.

வெள்ளை: ஜப்பானில் கபுகி நடிகர்கள் ஈய வெள்ளை பூசி வந்தார்கள். 1887-ல் பேரரசர் முன்னிலையில் நடித்த நகமுரா ஃபுகுசுகேவுக்குக் கால் நடுங்கியது. காரணம் ஈய நஞ்சு என்றார்கள். அதன் பிறகும் 1934-ல்தான் அங்கே ஈய முகப்பூச்சுத் தயாரிப்புக்குத் தடை வந்தது.

நம் நாட்டுச் சட்டப்படியும் ஈயம், ஆர்சனிக் சேர்த்து அழகுப் பொருளுக்கு நிறமூட்டக் கூடாது. ஆனால் பொட்டலத்தில் மடித்துத் தரும் பொடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?

உள்ளே போகும் வழி

நல்ல தோல் வழியாக இந்தக் கற்கள் அதிகம் இறங்குவதில்லை. வாய்தான் வாசல். உதட்டில் பட்டதை விழுங்குவது, பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்குவது, வர்ணக் கையோடு வெற்றிலை மடிப்பது, பீடி பிடிப்பது, பொடியை அரைக்கும்போது மூச்சில் இழுப்பது... இப்படித் தினம் கொஞ்சமாகச் சேரும். பூசிக்கொள்கிறவரைப் போலவே பூசிவிடுகிறவருக்கும் ஆபத்து உண்டு.

உள்ளங்கை, உள்ளங்கால் தடித்துச் சொரசொரப்பாவது, உடம்பில் கறுப்புப் புள்ளிகள், கை கால் மரப்பு இருந்தால் ஆர்சனிக்கைச் சந்தேகிக்க வேண்டும். ஓயாத வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, மணிக்கட்டு தளர்வது ஈயத்தின் வேலை. கைநடுக்கம், ஈறு வீக்கம் பாதரசத்தின் வேலை. இவற்றுக்கு வீட்டிலேயே கஷாயம் போட்டுக் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போய், செய்கிற தொழிலைச் சொல்லி, ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தொழில் செய்பவர்கள் கவனத்துக்கு...

1. கல், பொடி வேண்டாம். தயாரித்தவர் பெயர், சேர்மானம், காலாவதித் தேதி அச்சடித்த முகவர்ணம் மட்டும் வாங்குங்கள். வெள்ளைக்குத் துத்தநாக வெள்ளை போதும்.

2. முதலில் தேங்காயெண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். கலைக்கும்போதும் அதே எண்ணெயால் துடைத்து, பயத்தமாவு போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய் தொடவே கூடாது.

3. புண், வெட்டுக்காயம், கண் நோய் உள்ள முகத்தில் வரையாதீர்கள். ஆளுக்கு ஒரு பஞ்சு. பிரஷ்ஷை ஒவ்வொரு முகத்துக்கும் சோப்புப் போட்டு அலசுங்கள்.

4. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சாப்பிடும் முன் இரண்டு தடவை கை கழுவுங்கள்.

5. 2007-ல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் உடனே விசாரியுங்கள்.

வீட்டு விசேஷத்துக்கு இவர்களைக் கூப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "என்ன வர்ணம் போடறீங்க? டப்பாவைக் காட்டுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். துணி வர்ணம், போஸ்டர் கலர், சுவர் பெயின்ட் எதுவும் குழந்தை முகத்துக்கு ஆகாது. நல்ல வர்ணமானாலும் முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் வேண்டாம். பேரம் பேசும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குறைக்கும் பணத்தை அவர் வர்ணத்தில்தான் குறைப்பார். அந்த வர்ணம் உங்கள் பிள்ளை முகத்திலும் அவர் விரல்களிலும்தான் ஒட்டப்போகிறது.