ஒற்றைக்கொம்புக்கு ஒரு சாட்சிக் கோப்பு

‘கொடி’ என்று தட்டச்சு செய்தால் கணினியின் நினைவகத்தில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும் பதிவாகின்றன. திரையில் அந்த ஒரு குறி இரண்டாகப் பிரிய வேண்டும்: ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னே, கால் பின்னே. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் ஆகியவற்றில் இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்தமூல நிரல். நாம் கைபேசியில் படிக்கும் தமிழில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது.

அரபுக்காகவோ வங்காளத்துக்காகவோ ஒருவர் அந்த நிரலில் ஒரு வரியைத் திருத்துகிறார். தமிழ்க் கொம்பு இடம் மாறியிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. சரியான விடை முன்பே ஒரு சோதனைக் கோப்பில் இருக்கிறது. எந்த எழுத்துரு, உள்ளே போகும் யூனிகோடு எண்கள் எவை, வெளிவர வேண்டிய வடிவங்களின் வரிசை என்ன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். திருத்திய நிரலை ஓட்டி, வரும் விடையை அதனோடு ஒப்பிடுவார்கள். ஓர் எண் வேறுபட்டாலும் சோதனை தோல்வி.

விடையைப் படமாகச் சேமிக்காமல் எண்களாகச் சேமித்தது நல்ல முடிவு. படமென்றால் ஓரங்களை மழுங்கச் செய்யும் முறை கணினிக்குக் கணினி வேறுபட்டு, பிழையே இல்லாதபோதும் எச்சரிக்கை வரும். எழுத்துரு புதுப்பிக்கப்பட்டால் எண்களும் மாறிவிடக்கூடும் என்பதால், சோதனைக்குத் தேவையான எழுத்துருவையும் கூடவே வைத்திருக்கிறார்கள்.

இந்த முறையின் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சோதனை தோற்றதும் புதிய விடையையே கோப்பில் எழுதிவிட்டால் எல்லாம் தேறிவிடும், பிழை உட்பட! விடைக்கோப்பு மாறும் ஒவ்வொரு முறையும், ஏன் மாறியது என்று ஒரு மனிதர் பார்த்தே ஆக வேண்டும். இதில் சோம்பல் கூடவே கூடாது.

முதல் விடைகள் எங்கிருந்து வந்தன? 2012 வாக்கில், விக்கிப்பீடியாவிலிருந்து திரட்டிய இந்திய மொழிச் சொற்களுக்கு ஹார்ஃப்பஸ் தந்த விடைகளை, அதே வேலையைச் செய்யும் மைக்ரோசாஃப்டின் யூனிஸ்கிரைப் நிரலின் விடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தமிழில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். யூனிஸ்கிரைப்பும் பிழையற்றதல்ல; அது தவறிய சில இடங்களில் வேண்டுமென்றே விலகிச் சென்றார்கள்.

இன்றும் யாராவது ஒரு சொல் உடைந்து தெரிவதாகப் புகார் அளித்தால், பிழை திருத்தப்படும்போது அந்தச் சொல்லும் எழுத்துருவும் புதிய வரியாகத் தொகுப்பில் சேர்கின்றன. அதன்பின் நிரலில் யார் கைவைத்தாலும் அந்தச் சொல்லும் சோதிக்கப்படும்.