பட்டறையிலிருந்து திரும்பிய வண்டி

ஆடிக் கடைசி வெள்ளி நெருங்கும்போது, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியை நோக்கி வாகனங்கள் அணிவகுக்கின்றன. அதே நாட்களையொட்டி, ஆகஸ்ட் 15 விண்ணேற்புப் பெருவிழாவுக்காகக் காமநாயக்கன்பட்டிக்கு நம் குடும்பங்களும் புறப்படுகின்றன. பயணத்துக்கு முன் காரைப் பட்டறையில் காட்டுவது நல்ல வழக்கமே. ஆனால் பட்டறைக்குச் சென்று வந்ததாலேயே வண்டி பழுதற்றது என்று நம்பிவிடலாமா?

விழாக் காலத்தில் பட்டறைகளில் வேலை குவிகிறது. ஒரு வண்டியைப் பாதியில் விட்டு மற்றொன்றுக்குச் செல்லும் மெக்கானிக், எதை முடித்தோம் என்பதை மறந்துவிடக்கூடும். இது தீய எண்ணத்தால் நேர்வதன்று. ஆயினும் விளைவு கொடியது.

சக்கர நட்டுகளையே எடுத்துக்கொள்வோம். கையால் திருகிவிட்டு, ஸ்பானரால் இறுக்க மறந்தால், ஓட்டத்தில் நட்டுகள் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடும். ஸ்டியரிங் நடுங்குவதும் சக்கரத்தருகே 'டக் டக்' என்னும் ஓசை எழுவதும் அதன் எச்சரிக்கைகள். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியில், ஏறத்தாழ 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் சோதித்தல் வேண்டும். அவற்றை எதிரெதிராக, மாற்றி மாற்றி இறுக்குவதே முறை.

அடுத்தது பிரேக் ஆயில். பெயரில் 'ஆயில்' இருப்பினும் இது எஞ்சின் ஆயில் அன்று. தவறுதலாக எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிப் பழுதாகி, பிரேக் செயலிழக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைக்குப் புதிதில் 205 பாகையாக உள்ள குறைந்தபட்சக் கொதிநிலை, ஈரம் ஏறியபின் 140 பாகையாகத் தாழ்கிறது. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் வண்டியை எடுக்கவே கூடாது.

மூன்றாவது பியூஸ். 10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி எரிகிறதென்று 30 ஆம்பியரை மாட்டுவதும், வெறுங்கம்பியைச் சுற்றுவதும் தீக்கு வழிவிடுவதாகும். பியூஸுக்குப் பதில் ஒயரே எரியும். ஒரு சிறு பொறி என்ன செய்யும் என்பதைச் சிவகாசி வட்டாரத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வண்டியைப் பேணும் எளிய வேலைகளை வீட்டிலுள்ள அனைவரும் கற்றுக்கொள்ளுதல் நன்று. எஞ்சின் ஆயில் அளவு, பிரேக் ஆயில் மட்டம், ரேடியேட்டர் நீர், விளக்குகள், டயர் காற்று ஆகியவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். காற்றை டயர் குளிர்ந்திருக்கையில் அளக்க வேண்டும். டயரின் பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் உண்டு; தேய்மானம் அவற்றைத் தொட்டால் டயரை மாற்ற வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையாதீர்கள். பிரேக்கைப் பிரிப்பது போன்ற வேலைகளைப் பயின்றவரிடமே விடுங்கள். ஆனால் என்ன செய்தார், எதை மாற்றினார் என்று கேட்டு, பழைய பாகத்தையும் ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டமும் இப்பொறுப்பை நம்மீது சுமத்துகிறது. ஆபத்து விளைவிக்கும் குறையை அறிந்திருந்தோ, சாதாரணக் கவனத்தால் கண்டறிந்திருக்கக் கூடிய நிலையிலோ வண்டியைச் சாலையில் ஓட்டுவது, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றமாகும். "பட்டறையில் பார்த்தாயிற்று" என்னும் சொல் நம் கடமையை முடித்துவிடாது. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளும், எதிரே சைக்கிளில் வரும் தொழிலாளியும் நம் கவனத்தை நம்பியே சாலையில் இருக்கிறார்கள்.