தகவல் துளி: பாட்டே இல்லாத உளவுப் படம்

கோலாலம்பூரின் பங்சார் நெரிசலில் காரில் காத்திருப்பவர்களுக்காக ஒரு பழைய துப்பறியும் கதை.

1943 அக்டோபர். கோலாலம்பூர் ஜப்பானியர் கையில். கடலுக்கு அப்பால் சென்னையிலும் ஒரு ஜப்பானிய விமானம் குண்டு வீசிப் போனது. அதற்கு மறுநாள் காலை ஓர் இளைஞன் சுடப்பட்டுக் கிடக்கிறான். 1954 தமிழ்ப் புத்தாண்டையொட்டி ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’ படம் இப்படித்தான் தொடங்குகிறது.

இறந்தவன் ராஜன்; எதிரிக்கு ரகசியம் விற்றவன். அவன் செய்த வேலை? வானொலிப் பொறியாளர்! அங்காசாபுரி வானொலி நிலைய நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தேசத்துரோகியாக நடித்தவர் சிவாஜி கணேசன். முதல் படமான ‘பராசக்தி’ வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரத்தில், அந்த வேடத்தை ஏற்க நெஞ்சுரம் வேண்டும். அதே வேடத்தில் முதலில் வேறு நடிகர்களை வைத்துப் படம்பிடித்து, திருப்தியில்லாமல் ஒதுக்கியிருந்தார் தயாரிப்பாளர் ஏவி.மெய்யப்பச் செட்டியார். மனைவி உஷாவாக பண்டரிபாய். துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதையும் வசனமும் எழுதினார். ஒளிப்பதிவு மாருதி ராவ்.

இயக்குநர் எஸ்.பாலசந்தருக்கு அப்போது வயது 27. ஆம், பின்னாளில் உலகம் சுற்றிய அதே வீணை பாலசந்தர்! இசை மேதை எடுத்த படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை; நடனமும் இல்லை, சண்டையும் இல்லை. பாட்டுக்காகவே கொட்டகைக்குப் போன காலம் அது.

இன்றிரவு பார்க்க நினைத்தால், கொலையாளி யாரென்று தாத்தா பாட்டியிடம் கேட்டுவிடாதீர்கள்!