‘ச்சாவ்’: ஒரு முகமனின் பிறப்பு

இத்தாலிக்கு உழைக்கப் போய்வருகிற வென்னப்புவ, மாரவில ஆட்களின் வாயில் ‘ச்சாவ்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். எங்கட காதுக்கு அது ‘சாவு’ மாதிரித்தான் விழும். பயப்பட ஒன்றுமில்லை. இத்தாலியரின் அன்றாட முகமன் அது. ஸலாத்தைப் போல, சந்திக்கும்போதும் பிரியும்போதும் அதே சொல்தான்.

பொருளைத் தேடிப்போனால்தான் திடுக்கிடும். வெனிஸ் நகரத்துப் பேச்சில் ‘ஸ்ச்சாவோ’ என்றால் அடிமை. ‘நான் உங்கள் அடிமை’ என்று பணிவுக்குச் சொன்னது தேய்ந்து தேய்ந்து இந்த ஒற்றை ஒலியாகிவிட்டது. கந்தோர்க் கடிதத்தை ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள’ என்று நாங்கள் முடிக்கிறோமே, அந்த மாதிரி.

இத்தாலியப் பொதுமொழியில் இதுவே ‘ஸ்கியாவோ’. இரண்டுக்கும் மூலம் இடைக்கால லத்தீனின் ‘ஸ்க்லாவுஸ்’. ஆனால் பழைய ரோமர் அடிமையை ‘ஸெர்வுஸ்’ என்றல்லவா அழைத்தார்கள்? அப்படியொரு சொல் இருக்க, புதுச்சொல் எதற்கு?

‘ஸ்க்லாவுஸ்’ முதலில் ஓர் இனத்தின் பெயர். ஸ்லாவிய மக்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் கிரேக்கர் வாயில் திரிந்து லத்தீனுக்கு வந்தது. இடைக்காலத்தில் அவர்களைப் பிடித்துவந்து விற்றது கொஞ்சநஞ்சமல்ல. அதனால் இனப்பெயரே ‘அடிமை’ என்ற பொருளுக்கு மாறிப்போனது. அந்த வியாபாரத்தில் வெனிஸ்காரர் பெரிய கைகள். அங்கே ‘ரீவா தெல்யி ஸ்கியாவோனி’ என்றொரு கடற்கரைத் தெரு இன்றும் உண்டு. அடிமைகளின் கரை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எதிர்க்கரையான தல்மாத்தியாவிலிருந்து வந்த ஸ்லாவிய வணிகர்களின் பெயர் அது. பழைய இனப்பொருள் அங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது.

வித்தவங்களை மட்டும் சொல்லிட்டுப் போனா நியாயமில்ல. வாங்கியவர்களில் எங்கட ஆட்களும் இருந்தார்கள். அரபு நூல்கள் இவர்களை ‘ஸகாலிபா’ என்கின்றன. அதுவும் அதே கிரேக்கச் சொல்லின் வழிவந்ததுதான். குர்துபாவின் உமையா அரண்மனையில் அவர்கள் நிறைந்திருந்தார்கள். அந்தக் கிலாபத் சரிந்தபோது அவர்களில் சிலர் ஆட்சியையே பிடித்தார்கள். தானியாவை ஆண்ட முஜாஹித் அப்படிப்பட்டவர்தான்.

பழைய ‘ஸெர்வுஸ்’ மட்டும் சும்மா இருந்ததா? ஒஸ்திரியாவிலும் பவேரியாவிலும் நண்பர்கள் இன்று ‘ஸெர்வுஸ்’ என்றுதான் முகமன் சொல்கிறார்கள். இனி ‘ச்சாவ்’ கதையில் ஒரு வேடிக்கை. அடிமைப் பணிவில் பிறந்த இந்தச் சொல்லை இத்தாலியில் சமவயது நண்பனுக்கு, வீட்டாருக்குச் சொல்லலாம்; மேலதிகாரிக்கோ அறிமுகமில்லாத பெரியவருக்கோ சொன்னால் மரியாதைக் குறைவு. அவர்களுக்கு ‘புவோன் ஜோர்னோ’ சொல்ல வேண்டும்.