பளிச் வெள்ளை பழுப்பது ஏன்?

முதலில் என் கதை. தாத்தா காலமானபோது வீட்டில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதை ஸ்கேன் பண்ணி, நானே இங்க்ஜெட்டில் பிரிண்ட் போட்டு, வெயில் விழும் ஹால் சுவரில் மாட்டினேன். கடையில் இருந்ததிலேயே பளிச்சென்ற பேப்பரைத்தான் கேட்டு வாங்கினேன். 2 வருஷம் ஆச்சு. முகம் அப்படியே இருக்கிறது. பிக்மென்ட் இங்க் ஏமாற்றவில்லை. வேட்டி மட்டும் பழுப்பு! "என்னடா, உங்க தாத்தா அழுக்கு வேட்டியோட நிக்கிறாரு?" என்றார் பாட்டி. பிரிண்டிங் படிக்கிறவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாகிவிட்டது.

நம்ம பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வேட்டியின் வெள்ளை என்பது காகிதத்தின் வெள்ளைதான். காகிதம் பழுத்தால் வேட்டியும் பழுக்கும்.

செய்தித்தாளை 4 நாள் வெயிலில் போட்டால் மஞ்சளாகிறதே, அது மரக்கூழில் உள்ள லிக்னின் செய்யும் வேலை. பருத்திக் காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆல்பா செல்லுலோஸ் காகிதத்தில் லிக்னினை நீக்கிவிடுகிறார்கள்.

என்னைக் கவிழ்த்தது லிக்னின் அல்ல, அந்தப் 'பளிச்'! அதற்குக் காரணம் ஆப்டிகல் பிரைட்னர். சலவைத் தூளிலும் இதைச் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பி விடும். அந்த நீலத்தில் காகிதத்தின் இயல்பான மஞ்சள் மறைந்துபோகும். ஆனால் வெளிச்சத்தில் உழைத்து உழைத்தே அந்த ரசாயனம் செத்துப்போகிறது. அப்புறம் அசல் நிறம் வெளியே வந்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். கள்ளநோட்டு பார்க்கிற யு.வி. டார்ச்சை இருட்டில் காகிதத்தின் மேல் அடியுங்கள். நீலமாக ஜொலித்தால் பிரைட்னர் இருக்கிறது. பின்பக்கத்தையும் பார்க்கணும், சிலதில் ஒரு பக்கம் மட்டும் ஜொலிக்கும்.

உறையில் 'ஆசிட் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் மட்டும் மயங்காதீர்கள். 1994-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 9706 தரம், பி.எச். 7.5 முதல் 10 வரை, அமிலத்தைச் சமாளிக்க 2 சதவீதம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரம் என்றெல்லாம் கேட்கிறது. நல்லதுதான். ஆனால் அது பிரைட்னரைப் பற்றிப் பேசுவதில்லை. எப்சனில் ஹாட் பிரஸ் பிரைட், ஹாட் பிரஸ் நேச்சுரல் என்று இரண்டு உண்டு. இரண்டுமே பருத்திதான், 'நேச்சுரல்' வகையில்தான் பிரைட்னர் கிடையாது. விலை கையைக் கடிக்கும். புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கெல்லாம் இது வேண்டாமப்பா!

இன்னொன்று. மை உறிஞ்சும் மேல்பூச்சு ஸ்பாஞ்சு மாதிரி. மட்டமான பிளாஸ்டிக் உறை, பசை, அட்டை இவற்றிலிருந்து கசியும் ரசாயனத்தையும் உறிஞ்சி, இருட்டு பீரோவுக்குள்ளேயே மஞ்சளாகும். ஆகவே பிரேமுக்குப் பின்னாலும் அமிலமில்லாத அட்டையே வையுங்கள்.

தாத்தாவை இப்போது 'நேச்சுரல்' பேப்பரில் மறுபடி எடுத்து, வெயில் படாத சுவருக்கு மாற்றிவிட்டேன். வேட்டி கொஞ்சம் பால் நிறம். பாட்டிக்கு அதிலும் குறை: "சொட்டு நீலம் போட்டிருக்கலாமேடா!"

– மூன்றாமாண்டு, அச்சுத் தொழில்நுட்பம்