உஷார்! அந்த நம்பர் கிடைக்குமா என்று கேட்காமல் ஃபீஸ் கட்டாதீர்கள்

பிள்ளையைச் சிறப்பு ஆசிரியர் படிப்பில் சேர்க்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்!

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. தம்பிக்கு ஆட்டிசம். அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு டீச்சராக வேண்டும் என்று துடித்தாள். பக்கத்து டவுனில் ஓர் இடத்தில், "ஆறே மாசம் டிப்ளமா, வேலை கேரண்டி" என்றார்கள். அம்மா வளையலை அடகு வைத்தார். சர்டிஃபிகேட்டும் வந்தது. முதல் இன்டர்வியூவிலேயே கேட்டார்கள்: "சி.ஆர்.ஆர். நம்பர் சொல்லும்மா." அவள் விழித்தாள். அப்படி ஒன்று இருப்பதையே படித்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

அந்த நம்பர் இல்லையென்றால் அந்தப் படிப்பு வெறும் காகிதம்!

இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., மத்திய மறுவாழ்வுப் பதிவேடு, அதாவது சி.ஆர்.ஆர்., ஒன்றை வைத்திருக்கிறது. அதில் பெயர் ஏறினால்தான் சிறப்பு ஆசிரியராக வேலை பார்க்கலாம். 1992ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஏமாந்தது நீங்கள். மாட்டிக்கொள்வதும் நீங்களேதான்!

எதைக் கண்டால் பயப்பட வேண்டும்?

"அங்கீகாரம் இருக்கு" என்பார்கள், கடிதத்தைக் காட்ட மாட்டார்கள். காட்டினாலும் தேதியைப் பாருங்கள். ஆர்.சி.ஐ. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் அனுமதி தருகிறது. கல்லூரி பெரியது, பழையது என்பதெல்லாம் இங்கே செல்லாது. போன வருஷம் இருந்த அனுமதி இந்த வருஷம் இல்லாமல் போகலாம்.

"கிளாஸுக்கே வர வேண்டாம்" என்றால் ஓடி வந்துவிடுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகாமல் இந்த வேலையைக் கற்கவே முடியாது. அரைகுறையாகக் கற்றவரிடம் மாட்டிக்கொண்டு தவிப்பது வாய் திறந்து சொல்லத் தெரியாத ஒரு குழந்தை. எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

ஆறு மாசம், எட்டு மாசம் என்பதையும் நம்பாதீர்கள். சிறப்புக் கல்வியில் டி.எட்., பி.எட். இரண்டுமே வழக்கமாக 2 ஆண்டுக்குக் குறையாத படிப்பு.

வேலை கேரண்டி என்கிறார்களே, அதையும் கேளுங்கள். தேவை உண்மைதான். தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கும், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கும் ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அரசுப் பள்ளிகளில் இந்த வேலையைப் பல வருஷமாக ஒப்பந்தத்திலேயே பார்ப்பவர்கள் நிறைய. படித்து முடித்த இரண்டு பேரின் போன் நம்பரை வாங்குங்கள். நிரந்தர வேலையா, தொகுப்பூதியமா, மாசம் எவ்வளவு கைக்கு வருகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். நம்பர் தரத் தயங்கினால் அங்கே சேர்க்காதீர்கள்.

இன்றைக்கே ஆர்.சி.ஐ. இணையதளத்தைத் திறந்து பாருங்கள். கல்லூரிப் பெயர், படிப்பு, எந்தக் குறைபாட்டுப் பிரிவு, எந்த ஆண்டு வரை அனுமதி. நான்கில் ஒன்று இடித்தாலும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்!